பழைய கதவைச் சுரண்டப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு என்று ஒரு ஊர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து அங்கே ஒரு கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் அமைத்ததாகக் கல்வெட்டிலும் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறான்.

நம்ம வீடுகள் அப்படியா? அந்த நாலும் இல்லாமல் வீடே இல்லை. மரக்கதவு, இரும்பு ஜன்னல் கம்பி, திண்ணைத் தூண், கிராதி என்று எல்லாவற்றுக்கும் பெயிண்ட் வேறு. பொங்கலோ கல்யாணமோ வந்தால், பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கிறோம். வினையே அந்தச் சுரண்டலில்தான் இருக்கிறது!

பெயிண்டில் ஏது ஈயம்?

சீக்கிரம் காயவும், நிறம் பளிச்சென்று இருக்கவும், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கவும் அந்தக் காலத்தில் எண்ணெய் பெயிண்டில் ஈயக் கலவைகளைச் சேர்த்தார்கள். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எனாமல்களில் இது அதிகம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பை நினைத்துக் குழம்ப வேண்டாம். அது வெள்ளீயம். இது காரீயம், விஷம்.

வீட்டு பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டு வந்தது. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, அதற்கு முன்னால் அடித்த எனாமல் என்றால் அதில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே புதுப்பூச்சு இருந்தாலும் அடியில் பழசு இருக்குமே! வெறும் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

குழந்தைகளுக்குத்தான் ஆபத்து

1904-லேயே ஆஸ்திரேலியாவில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற டாக்டர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். வராந்தா கிராதியில் பெயிண்ட் பொடிந்து குழந்தைகளின் விரலில் ஒட்டி, அப்படியே வாய்க்குப் போயிருந்தது.

தவழ்கிற குழந்தைக்குத் தரைதான் உலகம். கையை வாயில் வைக்காத குழந்தை உண்டா? அதுவும் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு ஈயத்தைச் சின்னஞ்சிறுசுகளின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். ரத்தசோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல், எரிச்சல் வரலாம். எதுவுமே வெளியே தெரியாமலும் இருக்கலாம். ஆனால் மூளை வளர்ச்சி பாதித்து, படிப்பில் கவனம் குறையும். இந்தப் பாதிப்பு திரும்பச் சரியாகாமல் போகலாம். ஈயம் எலும்பில் போய்த் தங்கிவிடும். கர்ப்ப காலத்தில் அங்கிருந்து கிளம்பி வயிற்றில் இருக்கிற சிசுவுக்கும் போகும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, என்னதான் செய்வது?

பெயிண்ட் உரியாமல், உதிராமல் கெட்டியாக இருந்தால் தொடவே தொடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மேலேயே புதுப்பூச்சு அடித்துவிடலாம். உரிந்திருந்தால் மட்டும்தான் சுரண்டணும். அப்போது:

1. வேலை முடிந்து வீட்டைச் சுத்தம் செய்யும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். அடுத்த அறையில் இருந்தால் போதாது.

2. சாமான்களை வெளியே எடுங்கள். தரையில் தார்ப்பாய் விரித்து, உள்பக்க வாசலைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். மின்விசிறி ஓடக்கூடாது.

3. உலர்ந்த பெயிண்டில் உப்புத்தாள் போடவே கூடாது. தண்ணீர் தெளித்து, நனைத்து நனைத்துத்தான் தேய்க்கணும். மெஷின் வைத்துத் தேய்ப்பதும், நெருப்பு காட்டிப் பெயிண்டை உரிப்பதும் வேண்டவே வேண்டாம். பொடியும் புகையும் நேராக நுரையீரலுக்குப் போகும்.

4. முகத்தில் துண்டு கட்டினால் நுண்ணிய தூசி நிற்காது. குறைந்தது என்-95 முகக்கவசமாவது வேண்டும். பெயிண்டருக்கும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்குமே! கை, முகம் கழுவாமல் டீ குடிக்கக்கூடாது. வேலை உடுப்பைத் தனியாகத் துவைக்கணும்.

5. துடைப்பம் போடாதீர்கள், தூசி கிளம்பும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை துடையுங்கள். சுரண்டின பொடியைக் கெட்டியான பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தோட்டத்திலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள்.

வெந்நீர் அடுப்பில் பழைய ஜன்னலா?

நம் ஊர்ப் பக்கம் கழற்றிப்போட்ட கதவு, ஜன்னல் சட்டங்களை வெந்நீர் போட எரிப்பது வழக்கம். பெயிண்ட் அடித்த கட்டையை எரித்தால் ஈயம் புகையிலும் இருக்கும், சாம்பலிலும் இருக்கும். அந்தச் சாம்பலைப் போட்டுப் பாத்திரம் தேய்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

டாக்டரிடம் எப்போது?

ஏற்கெனவே உலர்வாகச் சுரண்டி முடித்தாகிவிட்டதா? பதற வேண்டாம். வீட்டை ஈரத்துணியால் நன்றாகத் துடையுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். கீரை, கேழ்வரகு, பால் என்று இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள சாப்பாடு கொடுங்கள். ஈயம் உடம்பில் சேர்வது குறையும். ஆனால் சாப்பாடே மருந்தாகிவிடாது.

புது பெயிண்ட் வாங்கும்போது டப்பாவில் ஈய அளவு 90-ஐத் தாண்டாது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலைக்கான பெயிண்டை மலிவு என்று வீட்டு கிராதிக்கு வாங்காதீர்கள். அந்த விதி அதற்குப் பொருந்தாது.

வேலைக்கு ஒருநாள் கூடுதலாக ஆகட்டும், கூலியும் கொஞ்சம் கூடட்டும். வாசற்கதவு பளபளப்பதைவிட, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிற குழந்தை நன்றாக இருப்பது முக்கியம் இல்லையா?