ஆக்டோபஸ் (தி ஸ்பிரிட்)
ஆக்டோபஸ் என்பவர் அமெரிக்க ஓவியர் வில் ஐஸ்னர் உருவாக்கிய தி ஸ்பிரிட் படக்கதைத் தொடரின் முதன்மை எதிர்நாயகன் ஆவார். 1940 முதல் 1952 வரை ஞாயிறு நாளிதழ்களின் இணைப்பாக வெளிவந்த இத்தொடரில், இறந்துவிட்டதாகக் கருதப்படும் துப்பறிவாளர் டென்னி கோல்ட், முகமூடி அணிந்து சென்ட்ரல் சிட்டி நகரின் குற்றவாளிகளை எதிர்க்கிறார்.

ஆக்டோபஸ் மாறுவேடத்தில் வல்லவர். தொடரில் அவரது முகம் காட்டப்படுவதில்லை. கையுறைகளே அவரது அடையாளம். நாயகனின் முகமூடி கண்களைச் சுற்றி மட்டுமே இருப்பதால் அவர் முகம் வாசகர்களுக்குப் பழக்கமானது. எதிரி யாராகவும் இருக்கலாம் என்பதால், வாசகர்கள் பாத்திரங்களின் கைகளைக் கவனிக்க வேண்டியிருந்தது.

பிராங்க் மில்லர் இயக்கிய 2008ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இப்பாத்திரத்தை ஏற்ற சாமுவேல் எல். ஜாக்சன், முகத்தை மறைக்காமலேயே நடித்தார்.