தோட்டத்தில் அழகுக் கோரை

கோரை என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருபவை இரண்டு: ஒன்று, படுக்கும் பாய், மற்றொன்று, வயலில் எடுக்க எடுக்க முளைக்கும் களை. ஆனால், வீட்டு முகப்பை அணிசெய்யத் தக்க கோரைகளும் உண்டு. தில்லியிலோ மும்பையிலோ மாடிக் குடியிருப்பில் வாழும் நேயர்களுக்கும் இவற்றை வளர்க்க ஒரு தொட்டியளவு இடமே போதும்.

கோரையைப் புல்லென்று கருதுவது வழக்கம். உண்மையில் இது வேறொரு குடும்பம். புல்லின் தண்டு உருண்டு, கணுக்களோடு, பெரும்பாலும் உள்ளே கூடாக இருக்கும். கோரையின் தண்டோ பெரும்பாலும் மூன்று பட்டைகளுடன், கணுவின்றி, உள்ளீடு நிறைந்திருக்கும். விரல்களிடையே உருட்டிப் பார்த்தால் வேற்றுமை விளங்கும்.

வீட்டுக்கு ஏற்றது, ஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து வந்து நம் நாட்டுப் பூங்காக்களில் பரவியுள்ள ஒரு வகையாகும். மூன்று நான்கடி உயர்ந்த தண்டின் உச்சியில் பூவடி இலைகள் குடைக் கம்பிகளைப் போல் விரிந்திருக்கும். ஆதலின் இதனைக் குடைக்கோரை எனலாம். பண்டைய எகிப்தியர் எழுதுதாள் செய்த பாப்பிரசும் இதன் உறவே. எனினும், அது பத்தடிக்கு மேலும் வளர்வதால் சிறிய வீட்டுக்குப் பொருந்தாது.

குடைக்கோரையைப் பெருக்குதல் எளிது. முற்றிய குடை ஒன்றை இரண்டங்குலத் தண்டோடு அறுத்து, இலைகளைப் பாதியாக நறுக்கி, தலைகீழாக நீரில் மிதக்க விடுக. சில வாரங்களில் இலைகளின் அடியிலிருந்து வேரும் குருத்தும் தோன்றும். பின்னர்த் தோட்டமண்ணும் மக்கிய சாண எருவும் கலந்த தொட்டியில் நடலாம். அடர்ந்த பழந்தூறைப் பிரித்தும் நடலாம். தில்லியில் இதற்குக் குளிர் நீங்கும் மாசி, பங்குனி ஏற்றது. மும்பையில் பருவமழைத் தொடக்கம் நன்று.

பெரும்பாலான தொட்டிச் செடிகளுக்கு ஈரம் மிகுந்தால் வேர் அழுகும். இதற்கோ வறட்சியே பகை. மண் காய்ந்தால் நுனிகள் பழுப்பாகும். ஆகவே, வட இந்தியக் கோடையில் நீர் நிறைந்த தட்டில் தொட்டியை நிறுத்தி, அனல் காற்றுக்கு மறைவாக வைக்க வேண்டும். கடுங்குளிரில் மேற்பகுதி கருகினாலும், வேர் உயிரோடிருந்தால் வெப்பம் திரும்பியதும் மீண்டும் தளிர்க்கும். பழுத்த தண்டுகளை அடியோடு அறுத்துவிடுக. புதுத் தண்டுகள் வேரடியிலிருந்தே எழும்.

இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. தட்டில் தேங்கும் நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடும். முட்டைகள் தட்டின் பக்கங்களில் ஒட்டிக்கொள்வதால், வாரந்தோறும் நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். மேலும், இக்கோரை நீர்நிலைகளில் தப்பிப் பரவக்கூடியது. கழித்த தூறுகளைச் சாக்கடையிலோ ஏரிக்கரையிலோ எறியாது, உலர்த்தி அழித்தல் கடமையாகும்.

இவ்விரண்டையும் மறவாதவர்க்கு, கோடையிலும் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும் பசுமை வாயிலிலேயே நிற்கும்.