பதினோராயிரம் கடிதங்களுக்கு நடுவே...

என் சித்தப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப் பிழை இருந்தால்கூடத் திருத்தித் திருப்பி அனுப்பக் கூடியவர். அப்பேர்ப்பட்டவருடைய மின்னஞ்சல் பெட்டியைச் சென்ற மாதம் பார்த்துத் திகைத்துப் போனேன். பிரிக்காத கடிதங்கள் பதினோராயிரத்துச் சொச்சம்! புடவைத் தள்ளுபடி, கடன் வேண்டுமா என்ற விசாரிப்பு, எப்போதோ ஏறிய பஸ்ஸுக்கு நன்றி. இவற்றுக்கு நடுவே, அவர் மகளை உதவித் தொகைப் பேட்டிக்கு அழைத்து ஒரு கல்லூரி எழுதிய கடிதம். பேட்டி நடந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"நான் பார்க்கவே இல்லையேடா!" என்றார் சித்தப்பா. உள்ளே தங்கை ஒன்றும் பேசவில்லை.

இந்தத் தொல்லை நேற்று முளைத்ததல்ல. 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க எஞ்சினீயர் முதன் முதலாகக் கணிப்பொறிக்குக் கணிப்பொறி கடிதம் அனுப்பினார். ஏழே வருஷத்தில், 1978-ல், டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியைச் சேர்ந்த கேரி துர்க் சுமார் 400 பேருக்கு ஒரே மூச்சில் விளம்பரம் அனுப்பிவிட்டார்! 2004-ல் ஜிமெயில் 1 கிகாபைட் இடத்துடன் வந்தபோது, இனி எதையும் அழிக்க வேண்டாம் என்று உலகமே மகிழ்ந்தது. இன்று 15 கிகாபைட் இலவசம். அதுவும் சிலருக்குப் போதவில்லை. நிரம்பிவிட்டால் புதுக் கடிதம் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

ரயில் தபால் வண்டியில் ஊர்வாரியாகக் கடிதங்களை அறை அறையாகப் பிரித்துப் போடும் சிப்பந்திகளைச் சித்தப்பாவுக்குத் தெரியும். "அதுபோல் ஓர் ஆளைப் பெட்டிக்குள் உட்கார்த்தி வைக்கலாம், சித்தப்பா" என்றேன். சம்பளம் இல்லை, தூக்கமும் இல்லை. பெயர், ஃபில்டர்.

தேடும் கட்டத்தில் ஒரு கடையின் விலாசத்தைப் போட்டோம். அந்தக் கடை எழுதியவை மட்டும் தொள்ளாயிரம்! ஃபில்டருக்கு இரண்டு உத்தரவு கொடுத்தோம்: இனி வருபவை முன்பக்கத்தில் நிற்காமல் 'கடைகள்' என்ற லேபிளின்கீழ் போக வேண்டும், ஏற்கெனவே வந்தவையும் அங்கேதான். சற்று நேரத்தில் தொள்ளாயிரமும் இடம் பெயர்ந்தன.

அறவே வேண்டாத கடைகளுக்கு 'அன்சப்ஸ்கிரைப்' இருக்கிறது. மொத்தமாக விளம்பரம் அனுப்புகிறவர்கள் ஒரே அழுத்தலில் விலக வழி செய்ய வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024-ல் விதித்தன. ஆனால், முன்பின் தெரியாத ஆசாமியின் கடிதத்துக்குள் எதையும் அழுத்தாதீர்கள். 'இங்கே ஆள் இருக்கிறது' என்று நாமே காட்டிக் கொடுத்ததாகும். 'ஸ்பாம்' என்று ஒதுக்குவதே மேல்.

சித்தப்பாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "'கடன்' என்ற சொல் இருந்தாலே அழித்துவிடச் சொல்லு!"

தடுத்தேன். நாளைக்குத் தங்கையின் படிப்புக் கடன் பற்றி வங்கி எழுதினால் அதுவும் குப்பைக்குத்தானே? இந்தச் சிப்பந்திக்குச் சொல் தெரியும். நம் வீட்டு விஷயம் தெரியாது. ஆகவே சொல்லை வைத்து அல்ல, அனுப்புகிறவரின் விலாசத்தை வைத்து விதி செய்யுங்கள். முதலில் லேபிள் ஒட்டி இரண்டு வாரம் கவனியுங்கள், பிறகு அழியுங்கள். அழித்தவையும் 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும்; தவறியிருந்தால் எடுத்துக் கொள்ளலாம்.

தங்கை அடுத்த வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கப் போகிறாள். அந்தக் கல்லூரியின் விலாசத்துக்கு மட்டும் தனி விதி: ஸ்பாமுக்குப் போகக் கூடாது, நட்சத்திரம் ஒட்டி நிற்க வேண்டும். அதைச் சித்தப்பா தம் கையாலேயே எழுதினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று முறை சரி பார்த்தார்.