சங்குக்குள் நுழைந்த புல்

1977ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் மின்னமுரா கடற்கரைக்குக் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்த காது மருத்துவர் கிரேம் கிளார்க், மணலில் உட்கார்ந்து ஒரு சுருள் சங்குக்குள் புல்லை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா மருந்துக்கடைக்காரர். காது சரியாகக் கேட்காது. வருகிறவர்கள் சொல்லக் கூச்சப்படும் மருந்தைக்கூடக் கடையே கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஆராய்ச்சி வேறெங்கே போகும்?

உட்காதில் இருக்கும் காக்ளியா பட்டாணி அளவுதான். இரண்டரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுருண்டிருக்கும். விரித்தால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். ஆர்மோனியக் கட்டைகள் மாதிரி அதில் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டு: வாசலருகே கீச்சுக்குரல், உள்முனையில் கனத்த குரல். அங்கே ஏறத்தாழ 3,500 உள்மயிர் செல்கள் அதிர்வை மின்துடிப்பாக்கிச் செவி நரம்புக்குக் கொடுக்கின்றன. இவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. அப்புறம் காதுமெஷின் எவ்வளவு சத்தத்தைக் கூட்டினாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

ஆனால் பெரும்பாலும் நரம்பு உயிரோடுதான் இருக்கிறது. அதற்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தால்? 1957இலேயே பாரீஸில் ஜூர்னோ, எய்ரியெஸ் என்ற இருவர் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஆனால் பேச்சு புரிய வேண்டுமானால் பல இடங்களைத் தனித்தனியாகத் தூண்ட வேண்டும்; அதற்கு அந்தச் சுருளைக் கிழிக்காமல் கம்பியை உள்ளே அனுப்ப வேண்டும். கிளார்க்குக்கு வழிகாட்டியது புல்தான். நுனி வளைந்து கொடுத்து, அடி விறைப்பாக இருந்ததால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

1978 ஆகஸ்ட் 1 அன்று, விபத்தில் செவித்திறனை இழந்த ராட் சாண்டர்ஸுக்கு மெல்போர்னில் இந்தக் கம்பியைக் காக்ளியாவுக்குள் பொருத்தும் அறுவைச் சிகிச்சை நடந்தது. பின்னர் நடந்த சோதனையில் தேசிய கீதம் ஒலித்ததும், சாண்டர்ஸ் சட்டென்று எழுந்து நின்றார்.

இன்றைய கருவியில் காதுக்குப் பின்னால் மாட்டிய மைக் ஒலியை வாங்க, செயலி அதைச் சுருதிவாரியாகப் பிரிக்கிறது. காந்தத்தால் ஒட்டிய வளையம் அதைத் தோலைத் தாண்டி வானொலி அலையாக உள்ளே அனுப்புகிறது. உள்ளே பல கருவிகளில் இருப்பது வெறும் 22 மின்முனைகள். 3,500 செல்கள் செய்த வேலையை 22 புள்ளிகள் செய்துவிடுமா? மிச்சத்தை மூளை செய்கிறது. இந்தக் கருவியைவிட எனக்குப் பெரிய வியப்பு அதுதான். கேட்டுப் பழகிப் பின்னர் செவித்திறனை இழந்த பெரியவர்கள் பலர், முதலில் ரோபோ பேசுவது போலிருக்கிறது என்பார்கள்; சில மாதங்களில் அதே ஓசை மனைவியின் குரலாகிவிடும். இசை மட்டும் பலருக்கு எளிதில் வசப்படுவதில்லை.

பிறவியிலேயே கேளாத குழந்தையின் மூளையோ எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். முதல் சில ஆண்டுகளில் அது வேகமாகக் கற்கும். வயது ஏற ஏறக் கடினமாகிவிடும். ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்ததென்று நினைக்கக் கூடாது. பேச்சுப் பயிற்சி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்; வீட்டிலும் நாள்தோறும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தகுதியுள்ள சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. பிறந்த குழந்தைக்கு வலியில்லாமல் சில நிமிடங்களில் காதைச் சோதித்துவிடலாம். பாத்திரம் விழும் சத்தத்துக்கும் குழந்தை திரும்பவில்லையென்றால், "இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.