ஊர் மின்சாரம் – 9: உமியில் எரிந்த விளக்கு

பீகாரின் கடைத்தெருக்களில் 'ஜெனரேட்டர்வாலா' என்றொரு தொழில் வெகுகாலமாக நடந்துவந்தது. ஒருவர் டீசல் ஜெனரேட்டர் வாங்கிப் போட்டு, அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு வயர் இழுத்துவிடுவார். மீட்டர் கிடையாது, ஒரு பல்புக்கு மாதம் இவ்வளவு என்று வசூல். சின்ன ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்கு 3 யூனிட் கிடைத்தாலே பெரிது. டீசல் 90 ரூபாய் விற்கும்போது எரிபொருள் செலவு மட்டும் யூனிட்டுக்கு 30 ரூபாய் ஆகிவிடும். ஏழை ஊரில் கரன்டுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2007 ஆகஸ்ட் 15 அன்று மேற்குச் சம்பாரண் மாவட்டம் தம்குஹா கிராமத்தில் ஞானேஷ் பாண்டேயும் நண்பர்களும் நெல் உமியில் ஓடும் மின்நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் 'ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ்' நிறுவனத்தின் பிறப்பு. உமியை முழுக்க எரியவிடாமல், குறைந்த காற்றில் புகையவிட்டால் எரியக்கூடிய வாயு வரும். அதை வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் ஜெனரேட்டர் சுழலும். மணிக்குச் சுமார் 50 கிலோ உமி போட்டால் 32 கிலோவாட். மின்கம்பத்துக்குச் செலவழிக்காமல் மூங்கிலை நட்டே வயர் இழுத்தார்கள். எரிந்து மிஞ்சிய கரியில் ஊர்ப் பெண்கள் ஊதுபத்தி உருட்டினார்கள். அதிலும் ஒரு வருமானம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரிசி ஆலைக்காரர் குப்பையாகத் தள்ளிய உமிக்கு, வாங்க ஆள் வந்ததும் விலை வந்துவிட்டது. வாயுவோடு வரும் தார் எஞ்சினில் படியும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆள் ஊரிலேயே இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் விற்பனை நேரம். வீடுகளுக்கு வெளிச்சம் வேண்டியது மாலை 6 மணிக்கு மேல்தான். 32 கிலோவாட் நிலையம் நாள் முழுக்க ஓடினால் 768 யூனிட் தரும்; 6 மணி நேரம் ஓடினால் 192 யூனிட்தான். ஒரே ஒரு டிரிப் அடித்துவிட்டு ஷெட்டில் நிற்கும் மினி பஸ்ஸுக்கும் டியூ கட்டத்தானே வேண்டும்? இரண்டு பல்பும் ஒரு செல்போன் சார்ஜும் மட்டும் விற்று இந்தத் தொழிலை நிமிர்த்த முடியாது என்பதே என் கருத்து.

அதற்குள் அரசு மின்சாரமும் வந்தது. 2018 ஏப்ரல் 28-ல் நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. மானிய விலைக் கரன்ட் வாசலுக்கு வந்தபின் தனியார் கரன்டை யார் வாங்குவார்கள்?

வாங்கினார்கள். கம்பி வந்த ஊரில் சாயங்காலம் கரன்ட் நிற்பது நிற்கவில்லை. மாவு மில்காரருக்கும் வெல்டிங் பட்டறைக்கும் யூனிட் விலையைவிட, வேலை நேரத்தில் கரன்ட் இருப்பதுதான் முக்கியம். ஹஸ்க் பவர் இதைப் பிடித்துக்கொண்டது. பகலுக்குச் சூரியத் தகடு, இரவுக்கு பேட்டரியும் உமியும், முன்பணம் கட்டும் மீட்டர் என்று மாறியது. பகலில் தொழில் செய்பவர்கள் வாடிக்கையாளர் ஆனார்கள். 2018-ல் ஷெல் உள்ளிட்ட நிறுவனங்கள் அதில் 2 கோடி டாலர் முதலீடு செய்தன. பிறகு நைஜீரியாவுக்கும் போனது.

மின்சாரச் சட்டம் 2003-ன் 14-ஆம் பிரிவு, மாநில அரசு அறிவிக்கும் கிராமப் பகுதிகளில் உரிமம் இல்லாமலே மின்சாரம் தயாரித்து வினியோகிக்க அனுமதிக்கிறது. தொடங்கத் தடை இல்லை. நாளை அரசுக் கம்பி வந்தால் போட்ட பணம் என்னாகும் என்பதுதான் பயம். உத்தரப் பிரதேசம் 2016-ல் கொண்டுவந்த கொள்கையில் அதற்கு வழி சொன்னது: கம்பி வந்தபின் கரன்டை மின்வாரியத்துக்கு விற்கலாம், அல்லது நிலையத்தையே ஒப்படைக்கலாம். எல்லா மாநிலங்களும் இதை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த உறுதி இல்லாத திட்டத்துக்கு எந்த வங்கி மேலாளரும் துணிந்து கடன் கொடுக்க மாட்டார்.

(தொடரும்)