பள்ளத்தூர் டு சென்னை: வேலை தேடக் கையில எவ்வளவு பணம் வேணும்?

நீங்க வேலைக்குச் சேர்ந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். ஊர்ல தங்கச்சி பள்ளத்தூர் சீதாலட்சுமி ஆச்சி காலேஜ்லயோ, தம்பி காரைக்குடியிலயோ கடைசி வருஷம் படிச்சிட்டு இருப்பாங்க. அவங்க உங்ககிட்ட ரெஸ்யூம் பத்திக் கேட்பாங்க. நீங்க முதல்ல கேட்க வேண்டியது வேற: "வேலை கிடைக்கிற வரைக்கும் செலவுக்கு என்ன பண்ணப் போற?"

கையில காசு இல்லாம சென்னை வந்தவங்க, மூணாவது வாரமே எந்த வேலைன்னாலும் சரின்னு இறங்கிடுறாங்க. படிக்காம பாண்டுல கையெழுத்துப் போடுறது, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுத்துட்டு முழிக்கிறது, "ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்"னு கேட்கிறவன்கிட்ட பணம் கட்டுறது எல்லாம் அந்தப் பதற்றத்துல நடக்கிறதுதான்.

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். சாப்பாட்டோட ஷேரிங் ரூம், பஸ், மொபைல், சில்லறைச் செலவு சேர்த்து மாசம் 12,000 ரூபாய்னு வைங்க. ஏரியாவைப் பொறுத்து கூடும், குறையும். ரூம் அட்வான்ஸ் 8,000. வேலை தேட 2 மாசம். சேர்ந்த உடனே சம்பளமும் வராது. மாசத்தோட பின்பாதியில சேர்ந்தா, பல கம்பெனியில அடுத்த மாசக் கடைசியிலதான் முதல் சம்பளம். அதுக்கு ஒன்றரை மாசம். ஆக மூன்றரை மாசத்துக்கு 42,000, அட்வான்ஸோட 50,000.

இதையே மாத்திப் போடுங்க. ஆஃபர் வர்ற வரைக்கும் ஊர்லயே இருக்கட்டும். முதல் ரவுண்டு பெரும்பாலும் போன், வீடியோ கால்தான். நேர்ல கூப்பிட்டா காரைக்குடியில விடியக்காலை பல்லவன் ஏறினா மதியம் எழும்பூர். போக்குவரத்து, சர்டிபிகேட் செலவுக்கு 4,000, சேர்ந்த பிறகு ஒன்றரை மாசத்துக்கு 18,000, அட்வான்ஸ் 8,000. மொத்தம் 30,000தான்.

வெளியூர் வேலைங்கிறது அந்த ஊருக்குப் புதுசும் இல்ல. பள்ளத்தூர்க்காரர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900ல பர்மாவுல தொடங்கின லேவாதேவித் தொழில்தான் இன்னைக்கு முருகப்பா குழுமம். அப்போ மலாயா, சிங்கப்பூர்னு வேலை பழகப் போன செட்டிநாட்டுப் பையன்களுக்குக் கிட்டங்கி இருந்துச்சு. தொழில் பண்ற இடத்துலயே சாப்பாடு, படுக்கை. சம்பளம் கம்மின்னாலும் தங்குற செலவு தலையில விழல.

இப்போ அந்தக் கிட்டங்கி உங்க ரூம்தான். இன்டர்வியூ சமயத்துல தம்பிக்கு நாலு நாள் இடம் குடுங்க. தங்கச்சின்னா, கூட வேலை பார்க்கிற பொண்ணுங்க ஹாஸ்டல்ல கெஸ்ட்டா தங்க முடியுமான்னு இப்பவே கேட்டு வைங்க.

30,000 எப்படிச் சேரும்? கடைசி வருஷம் தொடங்கும்போதே மாசம் 2,500, பேங்க்ல 12 மாச ஆர்டி. அப்பா பாதி, நீங்க பாதி போட்டாலும் சரி. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி இதுக்கு ஆகாது. அது 5 வருஷத் திட்டம், 3 வருஷத்துக்கு முன்னாடி முடிக்கவும் முடியாது.

ஆஃபர் லெட்டர் வந்தா சிடிசியை 12ஆல வகுத்துட்டு சந்தோஷப்பட வேண்டாம்னு சொல்லுங்க. வருஷத்துக்கு 3 லட்சம்னா மாசம் 25,000. பேசிக் 15,000ன்னு வச்சா, கம்பெனி கட்டுற பிஎஃப் 1,800, கிராஜுவிட்டி 721 அதுக்குள்ளேயே இருக்கும். மிச்சம் 22,479ல அவங்க பங்கு பிஎஃப் இன்னொரு 1,800 போகும். கைக்கு வர்றது 20,679. தொழில்வரி, இன்ஷூரன்ஸ் பிடித்தம் இருந்தா இன்னும் குறையும். மேலே போட்ட 12,000 செலவை இந்தத் தொகையோடதான் ஒப்பிடணும்.

இன்னொண்ணு, பேர் பிரச்சனை. மார்க் ஷீட்ல இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதார்ல அப்பா பேர் முழுசா இருக்கும், பான்ல மூணாவது மாதிரி இருக்கும். பிஎஃப் கணக்குக்கு யுஏஎன் எடுக்கும்போது இது இழுக்கும், பேக்ரவுண்ட் செக்லயும் கேள்வி வரும். திருத்த வேண்டியது இருந்தா, ஊர்ல இருக்கும்போதே இ-சேவை மையத்துல கேட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க. வேலைக்குச் சேர்ந்தப்புறம் இதுக்கு லீவு கேட்க முடியாது.