கடுகளவு டயல், பயறளவு தலை!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மிக்-21 போர் விமானத்தின் இறக்கை, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 7.15 மீட்டர். அதை 48-ஆல் வகுங்கள். பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைவு. பள்ளிக்கூடத்தில் காம்பஸ் பாக்ஸுக்குள் வைத்திருந்தோமே, அந்த ஸ்கேல் நீளம்! ஆறடி பைலட்டை அதே 48-ஆல் வகுத்தால் ஒன்றரை அங்குலம். அவர் தலை ஒரு பச்சைப்பயறு. அவருக்கு முன்னால் இருக்கிற டயல் ஒவ்வொன்றும் ஒரு கடுகு.

அந்தக் கடுகுக்குள் முள் வரைந்து, கோடு போட்டு, மேலே கண்ணாடியும் மாட்டுகிற ஆசாமிகள் உலகம் பூரா இருக்கிறார்கள். பகலில் ஆபீஸ் போய், லெட்ஜர் பார்த்து, தயிர்சாதம் சாப்பிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் டேபிள் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிற ஜாதி. உங்கள் பக்கத்து சீட்டுக்காரர்கூட அப்படி ஒருவராக இருக்கலாம். விரல் நுனியில் லேசாகப் பச்சை பெயிண்ட் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது பறக்கிற விமானம் இல்லை. பெட்டியில் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு பாகங்கள் வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து அலமாரியில் வைக்க வேண்டியது. 1/72, 1/48, 1/32 என்று அளவுகள். 1/72 என்கிற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் சுலபம்தான். ஆறடி என்பது 72 அங்குலம். ஆறடி மனுஷன் சரியாக ஒரு அங்குலம் ஆகிவிடுவான். அதாவது, விமான மாடலின் அளவே மனுஷனை வைத்துப் போட்ட கணக்கு!

ஆனால் கொடுமை என்னவென்றால், அந்த மனுஷனைத்தான் கம்பெனிகள் ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1953-ல் ஸ்பிட்ஃபயர் விமானத்தை பிளாஸ்டிக் கிட்டாகக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துக் கிட்கள் பலவற்றில் காக்பிட் என்று ஒன்று கிடையாது. உள்ளே இரண்டு முளை. அதன்மேல் ஒரு பைலட் பொம்மை. தரை இல்லை, டயல் இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பாவம், கழுமரத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டு எதிரியைத் தேடிக்கொண்டிருப்பார்.

இப்போது நிலைமை தலைகீழ். செக் நாட்டு எடுவார்ட் கம்பெனி, காக்பிட்டுக்கென்றே ரசாயனத்தில் அரித்தெடுத்த பித்தளைத் தகடுகளைத் தனியாக விற்கிறது. காகிதம் போன்ற மெலிசு. அதே கம்பெனி 2011-ல் 1/48 அளவில் மிக்-21 கிட் போட்டபோது, 'இனி இந்த விமானத்துக்கு வேறு எதுவும் வேண்டாம்' என்று பலர் பழைய பெட்டிகளைப் பரணில் ஏற்றினார்கள். பிசினில் வார்த்த இருக்கை, 3டி பிரிண்டரில் எடுத்த இருக்கை எல்லாமே காசு கொடுத்தால் கிடைக்கிறது. விமானத்தைவிட அதன் உள்ளே வைக்கிற சமாசாரங்களுக்கு அதிகச் செலவு. மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளைத் தோழனுக்கு உசத்திப் பட்டுவேட்டி!

என் கட்சி வேறு. கிட்டில் வருகிற பிளாஸ்டிக்கே போதும். மீதியை வீட்டிலிருந்து எடுக்கலாம்.

காக்பிட்டை முதலில் முடித்துவிட வேண்டும். வேறு வழி கிடையாது. விமான உடல் இடது பாதி, வலது பாதி என்று இரண்டாக வரும். காக்பிட் தொட்டியை நடுவில் வைத்து இரண்டையும் ஒட்டுவது ஏறக்குறைய தாலி கட்டுகிற மாதிரி. அப்புறம் 'அந்த ஸ்விட்சுக்கு சிவப்பு வைக்க மறந்துட்டேனே' என்று புலம்பிப் பிரயோசனமில்லை. ஒட்டுவதற்கு முன்னால் சும்மா சேர்த்துப் பிடித்து, தொட்டி சரியாக உட்காருகிறதா என்று நாலு தடவை பார்ப்பவர் புத்திசாலி.

அடுத்தது கலர். அமெரிக்க எஃப்-16 காக்பிட் சாம்பல். மிக்-21 வகையறாவில் ஆரம்பகாலத்து விமானங்கள் சாம்பல்தான். பிற்பாடு வந்த எம்.எஃப்., பிஸ் ரகங்களில் சோவியத்காரர்கள் ஒரு பச்சை கலந்த நீலம் அடித்தார்கள். எந்தக் கலர் என்று கேட்டால், துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன மயில்கழுத்துப் புடவை. அம்மா பீரோவில் ஒன்று நிச்சயம் இருக்கும், பக்கத்தில் வைத்துக் கலக்கிப் பாருங்கள். (புடவைமேல் சிந்தினால் நான் பொறுப்பில்லை.)

கறுப்பு அடிக்க வேண்டிய இடத்தில் நேராகக் கறுப்பு அடிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முக்கியமான ரகசியம். சின்னப் பொருளில் சுத்தக் கறுப்பு, பொத்தல் மாதிரித் தெரியும். கொஞ்சம் சாம்பல் கலந்த கறுப்பு அடித்தால்தான் கண் 'கறுப்பு' என்று ஒத்துக்கொள்கிறது. பளபளப்பும் ஆகாது. காக்பிட்டில் மின்ன வேண்டியது டயல் கண்ணாடி மட்டும்தான். மற்றதெல்லாம் மேட்.

அடித்த கலர் காய்ந்ததும், கறுப்பு பெயிண்டைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஓடவிடுவார்கள். ரசம் மாதிரி இருக்க வேண்டும், சாம்பார் மாதிரி அல்ல. அது இண்டு இடுக்குகளில் போய்த் தங்கி நிழலாகிவிடும். பிறகு பிரஷ்ஷில் வெளிர் கலரைத் தொட்டு, பழைய துணியில் துடைத்து, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்கிற நிலையில் மேலாகத் தடவினால் மேடுகள் மட்டும் வெளுத்துத் தெரியும். இந்த இரண்டு வேலையையும் உலகம் முழுக்கப் பிரபலமாக்கியதில் பெல்ஜியத்துக்காரர் ஃபிரான்ஸுவா வெர்லிண்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. நமக்குச் செலவு ஒரு பழைய பனியன்தான்.

டயலுக்கு வருவோம். நிஜத்தில் சுமார் எட்டு சென்டிமீட்டர், 1/48-ல் ஒன்றே முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. 1/72-ல் கசகசா! கறுப்பு அடித்து, மேடாக இருக்கிற முள்ளும் கோடும் மட்டும் தெரிகிற மாதிரி வெள்ளையை ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த பிறகு, நிறமில்லாத நெயில்பாலிஷில் பல்குச்சி முனையைத் தொட்டு ஒவ்வொரு டயலிலும் ஒரு சொட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்கணும். காய்ந்ததும் பார்த்தால், கண்ணாடி! ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புகிற அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மேலே சொன்ன ஜாதி மொத்தமும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறது.

கீழே விழுந்த பாகங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளின் மொசைக் தரை இதற்கென்றே செய்த சதி. சாம்பல், கறுப்பு, வெள்ளை எல்லாப் புள்ளியும் அதில் உண்டு. ஒரு தடவை விழுந்த கண்ட்ரோல் குச்சி, வீடு மாற்றும்போதுதான் கிடைக்கும். பழைய வேட்டியின் ஒரு ஓரத்தை மேஜை விளிம்பில் கிளிப் போட்டு, மறு ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு உட்காருங்கள். விழுவது மடியில் விழும்.

மிக்-21 டயல் பலகையில் இன்னொரு சமாசாரம் உண்டு. நட்டநடுவில், மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக்கோடு. 1/48-ல் தலைமுடி கனம். தெரியாதவர்கள் 'ஏதோ அலங்காரம்' என்று விட்டுவிடுவார்கள். அலங்காரம் இல்லை சார். விமானம் கட்டுப்பாடு இழந்து பம்பரமாகச் சுழன்றுகொண்டே கீழே போகும்போது, பைலட்டுக்கு இடம் எது, வலம் எது, நடு எது என்று ஒன்றும் புரியாது. கையில் இருக்கிற குச்சியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நடு எங்கே? அந்தக் கோடு இருக்கிற இடம். யோசிக்க நேரமில்லாதவனுக்கு, யோசிக்காமல் பார்ப்பதற்கு ஒரு கோடு.

இதைத் தெரிந்துகொண்டபின் அந்தக் கோட்டை அசிரத்தையாகப் போட முடியாது. ஸ்கேல் வைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டித்தான் போடுவீர்கள்.

இருக்கையும் அப்படித்தான். போர் விமானத்தில் இருக்கை என்பது நாற்காலி அல்ல. வெடிமருந்து வைத்த பீரங்கி. ஆபத்தில் கைப்பிடியை இழுத்தால், மூடி பறக்கும், பின்னாலேயே பைலட்டோடு இருக்கையும் பறக்கும். மேற்கத்திய விமானங்களில் அந்தக் கைப்பிடிக்கு மஞ்சள்-கறுப்புக் கோடு. சோவியத் இருக்கையில் சிவப்பு. காக்பிட்டிலேயே கண்ணைப் பறிக்கிற கலர் அதுதான். அதை மட்டும் தயங்காமல் பளிச்சென்று அடிக்கலாம். பெல்ட்டுகளுக்கு மாஸ்கிங் டேப்பை ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறிக்கொள்ளுங்கள். பக்கிள், ஒயருக்குள் இருக்கிற மெல்லிய செம்புக்கம்பி. பெல்ட் விறைப்பாக நிற்கக் கூடாது, கொடியில் போட்ட துண்டு மாதிரித் தொங்க வேண்டும். அதன் பேர்தான் எடை.

இப்போது தகராறான கேள்வி. இருக்கையில் ஆள் வைப்பதா, வேண்டாமா?

பெரும்பாலோர் வைப்பதில்லை. காரணம் சுயநலம்! இருபது ராத்திரி உட்கார்ந்து கடுகில் முள் வரைந்தவர், அதன்மேல் ஒரு பொம்மையை உட்காரவைத்து எல்லாவற்றையும் மறைத்துக்கொள்ளச் சம்மதிப்பாரா? நான் பி.காம். படித்தவன். செலவு பூரா உள்ளே, வரவு எதுவும் வெளியே தெரியவில்லை என்றால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார் என்பது எனக்கும் தெரியும். இன்னொரு காரணம், கிட்டில் வருகிற பைலட் பொம்மைகளின் லட்சணம். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் கேசரிக்குக் காத்திருக்கிற மாதிரி நேராக முறைத்துக்கொண்டிருப்பார்.

அவரைச் சரிசெய்ய முடியும். முழங்கையில் வெட்டுங்கள். வலதுகை குச்சிக்கு, இடதுகை த்ராட்டிலுக்கு. வெட்டின இடத்தில் எம்-சீல் வைத்து மடிப்புகளை ஊசியால் கீறுங்கள். முக்கியமாகக் கழுத்தை வெட்டித் தலையை இருபது டிகிரி திருப்பி ஒட்டுங்கள். அவ்வளவுதான், பொம்மை ஆள் ஆகிவிடும்! எதையோ பார்க்கிறான், எதற்கோ காத்திருக்கிறான். ஆக்ஸிஜன் குழாய்க்கு, ஒரு கம்பியின்மேல் இன்னொரு மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றினால் போதும், அந்த வரிவரியான தோற்றம் வந்துவிடும்.

முகம் அடிப்பதில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கடையில் 'ஃப்ளெஷ்' என்று விற்கிற கலர் வெள்ளைக்காரத் தோல். ஹம்ப்ரால் 61-ம் நம்பரை அப்படியே அடித்துவிட்டு, விமானத்தின் வாலில் மூவர்ணக்கொடி ஒட்டினால் எப்படி? பழுப்பும் துளி சிவப்பும் கலந்து நம் முகத்தைக் கொண்டுவாருங்கள். மாஸ்க்குக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் தெரியப்போவது ஒரு கீற்றுதான். அந்தக் கீற்றில் கண்ணுக்கு வெள்ளைவிழி, கருவிழி என்று போகாதீர்கள், பரீட்சை ரிசல்ட் பார்த்தவன் மாதிரி ஆகிவிடும். ஒரு அடர்பழுப்புக் கோடு போதும்.

ஆள் வேண்டும் என்பதுதான் என் கட்சி. மற்ற விமானத்துக்கு எப்படியோ, இந்திய மிக்-21-க்குக் கட்டாயம் வேண்டும்.

1963-ல் நம் விமானப்படைக்கு வந்தது அது. நமது முதல் சூப்பர்சானிக் போர் விமானம். நாசிக்கில் எச்.ஏ.எல். அதைத் தயாரித்தது. 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைகொடுத்து அனுப்பினார்கள். அறுபத்திரண்டு வருஷ சர்வீஸ், எந்த அரசு ஊழியருக்கும் கிடைக்காதது. நடுவில் நடந்ததும் தெரிந்ததுதான். மிக் ரக விமானங்கள் எல்லாவற்றையும் சேர்த்து 482 விபத்துகள், அதில் 171 பைலட்டுகள் இறந்தார்கள் என்று 2012-ல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார். நூற்று எழுபத்தொரு பேர். ஒரு பெரிய ஆபீஸின் மொத்த ஸ்டாஃப்.

கைப்பிடியை இழுத்துப் பிழைத்தவர்களும் உண்டு. 2019 பிப்ரவரி 27-ம் தேதி, தமிழ்நாட்டுக்காரரான அபிநந்தன் வர்த்தமான் ஓட்டிக்கொண்டிருந்தது மிக்-21 பைசன். விமானம் அடிபட்டது, அவர் இருக்கையோடு வெளியே வந்தார், பாகிஸ்தான் பக்கம் இறங்கினார், மார்ச் 1-ம் தேதி திரும்பினார். மீசையை எல்லோரும் பார்த்தோம். அவரை வெளியே தூக்கிப்போட்ட இருக்கையை யாரும் பார்க்கவில்லை. அது உங்கள் மேஜையில் டூத்பேஸ்ட் மூடிமேல் காய்ந்துகொண்டிருக்கிறது.

அப்படிப்பட்ட இருக்கையைக் காலியாக வைக்க எனக்கு மனசு வருவதில்லை. டயல்கள் மறைந்துபோகட்டும். வெள்ளைக்கோடு யாருக்கும் தெரியாமல் அவருடைய முழங்கைக்குப் பின்னால் இருக்கட்டும். அது அவருக்காகப் போட்டதுதானே, நமக்காகவா?

ஆள் உட்கார்ந்தாகிவிட்டது என்றால் சில நியாயங்கள் உண்டு. இருக்கையில் பாதுகாப்பு ஊசிகளும் சிவப்பு ரிப்பனும் தொங்கக் கூடாது. அவையெல்லாம் தரையில் நிற்கிற விமானத்துக்கு. கிளம்புமுன் எடுத்துவிடுவார்கள். மூடியைத் திறந்து வைப்பதானால் இந்த ரகங்களில் அது வலதுபக்கமாகச் சாயும், பின்பக்கமாக அல்ல. ஏணி இடதுபக்கம்.

மூடுவதானால், கடைசி கண்டம் இதுதான். சூப்பர் க்ளூவைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டாலே கண்ணாடி பிளாஸ்டிக் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். மார்கழிக் காலையில் பஸ் ஜன்னல் பார்த்திருப்பீர்களே, அப்படி. இருபது ராத்திரி வேலையும் அந்தப் பனிக்குள்! அதற்குப் பதில் மரவேலைக்கு வாங்கி வைத்திருக்கிற ஃபெவிகால். வெள்ளையாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். காய்ந்தால் நிறமே இருக்காது. மூடுமுன் உள்ளே கைரேகை, பிரஷ் முடி, தூசி ஏதும் இல்லையே என்று ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். பல்குச்சியால் விளிம்பில் மெலிசாகத் தடவி, மூடியை வைத்து, ஒரு துண்டு டேப்பால் பிடித்துவிட்டு, மேஜை விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுங்கள். காலை வரை தொடக் கூடாது. மறுநாள் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பீர்கள். இருபது டிகிரி தலையைத் திருப்பிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்.